மஞ்சள் கோட்டில் வரும் செய்தி

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கோட்டு தொங்குகிறது. முழங்கால் வரை நீளம், பெரிய பெரிய பொத்தான்கள், சுவிட்சர்லாந்தின் நொஷாட்டல் ஏரியின் அக்கரையில் நின்றாலும் கண்ணில் படுகிற நிறம். அம்மா அதை மலிவு விற்பனையில் வாங்கி வந்த அன்று, "என்னம்மா, இந்த நாட்டு மஞ்சள் தபால் பஸ் மாதிரி இருக்கு" என்று சிரித்தேன். "அதுக்குத்தானே வாங்கினனான். தூரத்திலை வரேக்கையே தெரியோணும்" என்றார். என்ன தெரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்ததற்குப் பிறகு கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கதை என் தம்பியிலிருந்து தொடங்குகிறது. பதினெட்டு வயதில் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் மண்டபத்துக்குக் கூடைப்பந்து விளையாடப் போனவன், ஒரு நாள் வந்து தேநீர் வேண்டாம் என்றான். அந்தச் சபையில் தேநீரும் கோப்பியும் விலக்கு. "பிள்ளையாரை விட்டதைக்கூடப் பொறுத்திடுவன். தேத்தண்ணியை விட்டிட்டானே" என்று அம்மா லண்டன் சித்தியிடம் தொலைபேசியில் முறையிட்டதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். இருபது வயதில் சபை அவனை சமயம் பரப்பும் இரண்டு வருட ஊழியத்துக்கு, பிரெஞ்சு பேசும் ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்கு அனுப்பியது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் பெயர் அட்டை, எந்நேரமும் கூடவே ஒரு கூட்டாளி. திங்கட்கிழமை மட்டும் வீட்டுக்கு அழைக்கலாம். மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்த அம்மா, மேலாளரோடு மல்லுக்கட்டித் திங்கட்கிழமைகளை விடுமுறையாக மாற்றிக்கொண்டார். அவர் மதம் மாறவில்லை, மாறும் எண்ணமும் இல்லை. பிள்ளையின் குரல் கேட்டால் போதும்.

ஒன்பதாவது மாதத்தில் அந்த நாட்டில் தேர்தல் முடிந்து கலவரம் வெடித்தது. தெருக்களில் டயர் எரிந்தது, ஊரடங்கு வந்தது, இணையத்தைத் துண்டித்தார்கள். அந்தத் திங்கட்கிழமை அழைப்பு வரவில்லை.

மறுநாள் சபையின் பிஷப் வந்தார். பிஷப் என்றதும் அங்கியும் செங்கோலும் நினைக்க வேண்டாம். வார நாட்களில் அவர் நகரப் பேருந்து ஓட்டுநர், நான்கு பிள்ளைகளின் தகப்பன், சம்பளமில்லாமல் சபையைப் பார்ப்பவர். எங்கள் கட்டடத்துக் கத்தோலிக்கத் தமிழர்கள், "பஸ் ஓடுற பிஷப்போ?" என்று கேட்டு மாய்ந்து போவார்கள். தொலைபேசியில் சொல்வது மரியாதையில்லை என்று எண்ணி, அந்த நல்ல மனிதர் தன் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். இருவரும் கறுப்புக் கோட்டும் சூட்டும் அணிந்திருந்தார்கள்.

அம்மா பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். கீழே வாசலில் இரண்டு கறுப்பு உடைகளைக் கண்டதும் அப்படியே தரையில் அமர்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். நான் கதவைத் திறந்தபோது பிஷப் சொன்ன முதல் வார்த்தை, "பயப்பட ஒன்றுமில்லை" என்பது. அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவ்வளவுதான், அழுகை ஒப்பாரியாயிற்று. யாழ்ப்பாணத்தில் மாமா ஷெல் விழுந்து செத்த அன்று, வீட்டுக்கு வந்தவர்களும் முதலில் சொன்னது அதையேதான். "ஒண்டுமில்லை எண்டு சொல்லிக்கொண்டு ஆம்பிளையள் ரெண்டு பேர் படியேறினா, எல்லாம் முடிஞ்சுது எண்டு அர்த்தம். எனக்குத் தெரியாதே?" பிஷப் பதறிப்போய் மறுபடியும் மறுபடியும் மகன் நலம் என்றார். அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அம்மாவுக்குப் பிள்ளை இன்னொரு தடவை செத்தான்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் அமர்ந்தார். தேநீர் கொடுக்க முடியாத விருந்தாளிக்குச் சூடான பால் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவரிட்டைக் கேள். அங்கை ஆரோடையாவது கதைக்கேலுமோ?" என்றார். ஊழிய அலுவலகத்தில் ஒரு பழைய கம்பித் தொலைபேசி வேலை செய்கிறது என்றும், அங்குள்ள தலைவரின் மனைவி ஊழியத்துக்குப் போன பிள்ளைகளோடு தொடர்பில் இருக்கிறார் என்றும் பிஷப் சொன்னார். "அப்ப அவனிட்டை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கோ. அவன் போகேக்கை நான் பெட்டிக்குள்ளை எதை, எதுக்குள்ளை ஒளிச்சு வைச்சு விட்டனான்? இதுக்குப் பதில் வரட்டும். அதுவரைக்கும் நலம் எண்டு ஒருதரும் எனக்குச் சொல்லக்கூடாது."

இரண்டு நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மதியம், பேருந்து வேலையின் இடைவேளையில் பிஷப் தொலைபேசியில் அழைத்தார். கையில் எழுதி வைத்திருந்ததை வாசித்தார். கறித்தூள். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைக்குள். காலுறையில் ஓட்டை இருந்ததால் பெட்டி முழுவதும் தூள். இப்போது அது முடிந்துவிட்டது, கூட்டாளி அது இல்லாமல் சாப்பிட மறுக்கிறான், இன்னும் அனுப்பவும். நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அம்மா சிரித்தார், சிரித்தபடியே அழுதார். "ஓம். அவன்தான். ஓட்டையைப் பற்றிக் குறை சொல்லுறான் பாத்தியே."

அன்று மாலையே பிஷப் திரும்பவும் அழைத்தார். அதே நாட்டில் பிள்ளைகள் இருக்கும் இன்னும் ஆறு சுவிஸ் குடும்பங்களுக்கும் இப்படிச் செய்யலாமா, அம்மா உதவுவாரா என்று கேட்டார். அம்மா கேள்விகளைச் சேகரித்த அழகை நான் பார்த்தேன். "நாயின்ரை பேரோ? அது ஊருக்கே தெரியும். வேறை சொல்லச் சொல்லு" என்று ஒரு வங்கி அதிகாரியின் கேள்வியைத் தள்ளிவிட்டார். அகதியாக வந்த புதிதில் ஜெர்மன் பேசும் ஷாஃப்ஹவுசன் நகரத்தில் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக் கற்றுக்கொண்ட சுவிஸ் ஜெர்மன், இருபது வருடத்துக்குப் பிறகு அவர் வாயில் திரும்பி வந்தது. ஒவ்வொன்றாகப் பதில்கள் வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை.

அது ஷாஃப்ஹவுசனில் இருந்த ஒரு விதவைத் தாயின் மகள். அவளும் கூட்டாளியும் வேறு ஊருக்கு மாற்றப்பட்ட வழியில் தொடர்பு அறுந்திருந்தது. "நலமாகத்தான் இருப்பாள் என்று சொல்லிவையுங்கள், பாவம்" என்றார் பிஷப். அம்மா தலையாட்டினார், சம்மதமாக அல்ல. "தெரியாததைத் தெரியும் எண்டு நான் சொல்லமாட்டன்." தானே அந்தத் தாயை அழைத்தார். இன்னும் பதில் வரவில்லை, கெட்ட செய்தியும் வரவில்லை, நாளை நான் வருகிறேன், ஜன்னலால் பார்த்தால் பயப்படாமல் இருக்க மஞ்சள் கோட்டில் வருவேன் என்றார். அன்றுதான் அந்தக் கோட்டை வாங்கினார்.

இரண்டு நாள் அங்கே தங்கினார். முன்பின் தெரியாத வீட்டில் சோறும் பருப்பும் சமைத்து, சாப்பிட மறுத்த பெண்ணைச் சாப்பிட வைத்தார். மூன்றாம் நாள் காலையில் பதில் வந்தது: ஒன்பது வயதில் உடைத்துக் கட்டிலுக்குக் கீழே ஒளித்தது, பீங்கான் கோழி. அந்தத் தாய் அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாராம். அம்மாவின் தோளுக்கு மேலே ஒரு முழம் உயரம் அவர். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் "ஷாஃப்ஹவுசன்காரி". பிள்ளைகள் அயல்நாட்டுக்கு மாற்றப்பட்டு, ஊழியத்தை முடித்து, முழுசாகத் திரும்பி வந்தார்கள். ஷாஃப்ஹவுசன்காரி ஆண்டுக்கு இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வருவார்.

போன இலையுதிர்காலத்தில் அவர் வந்திருந்த வேளையில்தான் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நான் ஜெனீவாவில் வேலையில் இருந்தேன். அவசர அறுவைச் சிகிச்சை என்று தம்பி ஒரு வரி அனுப்பினான். அவன் இருந்தது வெளிநாட்டில், ஷாஃப்ஹவுசன்காரியின் மகள் சொன்ன அந்த வரிக்கு மேல் அவனுக்கும் தெரியாது. மருத்துவமனை எண்ணில் காத்திருக்கச் சொல்லும் இசைதான் வந்தது. ஷாஃப்ஹவுசன்காரிக்குப் பிரெஞ்சு வராது, எனக்கு ஜெர்மன் நாலு சொல். ரயிலில் கடவுள் எல்லாரையும் கும்பிட்டேன், தம்பியின் கடவுளையும் விடவில்லை.

மருத்துவமனைக்கு ஏறும் பாதையில் ஓடியபோது, நுழைவாயிலில் மஞ்சள் தெரிந்தது. உயரமான பெண், முழங்கையோடு நின்றுவிட்ட கோட்டின் கை, பூட்ட முடியாத பொத்தான்கள். அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றிருந்தார். நான் ஓடுவதை நிறுத்திவிட்டு, தெருவோரத்தில் அப்படியே நின்று அழுதேன்.

ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் கேட்டேன், அந்த நிலைமையிலும் ஷாஃப்ஹவுசன்காரியைக் கோட்டைப் போட்டு நிற்கச் சொன்னீர்களா என்று. "ஓம். மயக்க மருந்து குடுக்க முதல் சொன்னனான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "சரிவராட்டில் கழட்டிப் பைக்குள்ளை வைச்சிட்டு நில்லுங்கோ எண்டும் சொன்னனான். பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடாதெல்லே" என்றார்.