கண்ணை மூடாமல் கேட்ட ஐந்து நிமிடம்

மகள் பள்ளிக்கூடத்தில் வயலின் படிக்கிறாள். எங்களுடைய முறை அல்ல. வெள்ளைக்காரர் முறை, நின்றுகொண்டு வாசிப்பது. பள்ளிக்கூட விழாவுக்கென்று ஒரு பழைய, மெதுவான இசையை நான்கு மாதம் பழகினாள். லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுச் சாமியறைக்குப் பக்கத்து அறை அவளுடையது. வேலையால் வந்து விளக்கேற்றும்போது அது கேட்கும். உடம்பு அலுப்பு கொஞ்சம் இறங்கும்.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்க, அழுதுகொண்டு வந்தாள்.

"அப்பா, மிஸ் என்ர வயலின் பீஸை கட் பண்ணிட்டா. பதிலுக்கு ஹிந்திப் படப்பாட்டாம். உங்களுக்கு அதுதான் பிடிக்குமாம்."

"எங்களுக்கோ? ஆர் சொன்னது?"

"போன வருசம் ஸ்லோ பீஸுக்கு எல்லாரும் கதைச்சுக்கொண்டுதானே இருந்தனீங்கள். மாமி சாப்பிட ரோல்ஸ் வேற குடுத்தவ."

உண்மைதான். கோவிலில் மேளம் வாசிக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கிறவர் யார்? சனம் கதைக்கும், பிள்ளைகள் ஓடும், நாதஸ்வரம் தன்பாட்டில் போகும். அதை நிறுத்த யாருக்கும் தோன்றாது. அந்தப் பழக்கத்தோடேயே பள்ளிக்கூட மண்டபத்திலும் இருந்துவிட்டோம்.

அடுத்த நாள் வேலை உடுப்போடு டீச்சரிடம் போய், நாங்கள் கதைத்தது பிடிக்காமல் அல்ல, கோவில் பழக்கம் என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கள் பழைய இசையை உங்கள்மேல் திணிக்கக் கூடாதென்று நினைத்தேன். எங்கள் ஆட்களே அலுப்பு என்கிறார்கள்" என்றார்.

"நல்லதென்றால் வையுங்கள், மிஸ். நாங்கள் கேட்போம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விழாவன்று எங்கள் ஆட்களை வாசலிலேயே மறித்தேன்.

"அஞ்சு நிமிசம், அண்ணை. வாயைத் திறவாதேங்கோ."

"என்னடாப்பா, அபிஷேகமோ நடக்குது?"

"அபிஷேகத்துக்கே நீங்கள் மூடுறேல்லை. இதுக்காவது மூடுங்கோ."

மகள் அந்தப் பழைய இசையையே வாசிக்கத் தொடங்கினாள். சுவரோரம் நின்ற டீச்சர் மேடையைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களையே பார்த்தார். தன் வீட்டுச் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, உப்புக் கூடிவிட்டதோ என்று விருந்தாளியைப் பார்க்கிறவர் போல.

விடிய நாலு மணிக்கு எழும்பிய உடம்பு எனக்கு. அந்த இசைக்குக் கண் தானாக மூடப் பார்த்தது. கோவிலென்றால் மூடியிருப்பேன், அங்கே அதுவும் கும்பிடுகிற மாதிரித்தான். இங்கே மூடினால் டீச்சர் நித்திரை என்று நினைப்பார். அடுத்த வருடம் மறுபடியும் கட் பண்ணிவிடுவார்.

முருகா, இந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இமையைத் தூக்கிப் பிடித்தபடி, கண் எரிந்து தண்ணீர் வரும்வரை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.