ஓடக்காரருக்குச் சொன்ன சொல்

என் அத்தானைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: எல்லோரும் லிஃப்டுக்குள் போவார்கள், அவர் லிஃப்டின் தலைமேல் நிற்பார். என் அக்காவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே அவருக்கு அந்த வேலைதான். பெரிய பெரிய கட்டடங்களில், பெட்டியின் கூரைமேல் ஏறி, இருட்டில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பிகளைத் தடவித் தடவிப் பார்ப்பார். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டு அலறினால் கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்" என்பார். அவர் ஒரு நாளில் பேசுவது அவ்வளவுதான். வீட்டில் அதுவும் கிடையாது.

ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் யாரும் அழுத்தாமலே லிஃப்ட் வந்து நின்று கதவைத் திறந்தது. நான் வெலவெலத்துப் போனேன். அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"யாராச்சும் பட்டனை அழுத்திட்டு, பொறுமையில்லாம படியில இறங்கிப் போயிருப்பாங்க. ஆள் போயிட்டாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதானே? அது வரும்."

அதைக் கேட்டபிறகு பயம் கொஞ்சம் கூடத்தான் செய்தது.

இப்படி உம்மணாமூஞ்சியாக இருந்த மனுஷனை வாய் திறக்க வைத்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒற்றை ஆள் ஆடுவது. வாளும் கேடயமுமாக ஒருத்தி காடு, மலை, சதுப்புநிலமெல்லாம் சுற்ற வேண்டும். வழியில் மந்திரவாதிகள், பேசும் ஓநாய்கள், கடைசியில் உலகத்தைச் சாம்பலாக்கக் காத்திருக்கும் ஒரு நெருப்புப் பறவை. எதிரில் வருகிறவர்கள் பேசுவதெல்லாம் திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓடும். அக்காவுக்கு ஆங்கிலம் வராது. அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் அவர் தமிழில் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனால் மனிதர் ஓநாய்க்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல் என்று வெளுத்துக் கட்டிக்கொண்டிருப்பார்.

ஆடுவது அவர், ஆட்டிவைப்பது அக்கா. வாள் பிடித்தவளுக்கு முட்டைக்கண்ணி என்று பெயர் வைத்ததும் அவள்தான். முட்டைக்கண்ணி யார் வீட்டுப் பெட்டியையும் திறந்து காசெடுக்கக் கூடாது. "அடுத்தவங்க வீட்டுப் பெட்டியில கைவெக்கறது என்ன பழக்கம்?" என்பாள். உள்ளே போனால் கதவைச் சாத்திவிட்டு வரவேண்டும். விளையாட்டைச் செய்தவன் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான்.

இதிலெல்லாம் பெரிய கூத்து ஒன்று உண்டு. அந்த விளையாட்டில் யாரோடு பேசினாலும், பேச்சை முடிக்கக் கடைசி வரியாக 'குட்பை' என்று வரும். அதை அழுத்தினால்தான் நகர முடியும். முதல் நாள் அத்தான் யோசிக்காமல் அதை "போயிட்டு வரேன்" என்று தமிழாக்கிவிட்டார். வேறெப்படிச் சொல்வார்? வாசலில் நின்றுகொண்டு "போறேன்" என்று எந்த வீட்டில் சொல்லவிடுவார்கள்? ஆனால் அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"வரேன்னு சொல்லிட்டு வந்தோம்ல? போகலைன்னா அந்த ரொட்டிக்காரி என்ன நினைப்பா?"

"அது சும்மா பொம்மைம்மா."

"பொம்மைகிட்ட மட்டும் பொய் சொல்லலாமா?"

அவ்வளவுதான். நெருப்புப் பறவை உலகத்தை எரிக்கக் காத்திருக்க, இவர்கள் ரொட்டிக்காரியை நலம் விசாரிக்க மூன்று மலை தாண்டித் திரும்பிப் போவார்கள். அங்கிருந்து கிளம்பும்போது மறுபடியும் 'போயிட்டு வரேன்'. மறுபடியும் போகவேண்டும். பல வருஷம் ஆடியும் பறவையின் வாலைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. நான் கேலி செய்வேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைக்கும் காகிதங்களைத் தமிழாக்குவது என் தொழில். தலைசுற்றலாம், குமட்டலாம் என்று எழுதியே வயிறு வளர்ப்பவள். ஒரு சொல்லுக்குச் சரியான சொல் இருக்கும் என்பது என் நினைப்பு. "அத்தான், உங்க மொழிபெயர்ப்பு தப்பு" என்றால், "உங்கக்காகிட்ட சொல்லு பார்ப்போம்" என்பார்.

கடைசியாக அவர்கள் பேசியது ஆற்றங்கரையில் ஓர் ஓடக்காரரிடம். அவரிடமும் வழக்கம்போல் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அக்காவுக்குச் சின்ன ஆபரேஷன்தான். நானும் கூட இருந்தேன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மருந்து மயக்கத்தில் குழறிக்கொண்டே, "போயிட்டு வரேன்" என்றாள். இரண்டு கதவும் மூடிக்கொண்டன. யார் மேலும் பழியில்லை. அவள் இதயம் ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறமும் அத்தான் ஆடினார். பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடுவதில்லை. ஒவ்வொரு வரியையும் அதன் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார். நான் போய் நின்றால்கூடக் குரலைத் தாழ்த்தமாட்டார். ரொட்டிக்காரி, கொல்லன், ஓநாய் என்று எல்லோரையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஓடக்காரரிடம் மட்டும் போகவில்லை. காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார்.

"அவ சொன்ன சொல்லுல அது ஒண்ணுதான் பாக்கி. அது இருக்கறவரைக்கும் எங்கேயும் போகமாட்டா."

முட்டைக்கண்ணியை ஆட்டாமல் சும்மா நிற்கவைத்தால் கொஞ்ச நேரத்தில் அவளாகவே தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பாள். எல்லா விளையாட்டிலும் அப்படி ஏதாவது வைத்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். ஆனால் நான் பார்த்தவரை, அவள் திரும்பியது அந்த நாற்காலி இருக்கும் பக்கம் மட்டும்தான். இதை அத்தானிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

போன மாதம் அவருடைய சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"கூரைமேல நின்னு யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தாரும்மா. 'பெட்டி மேல போகுது'ன்னு நாங்க கத்தினது காதுலயே விழல. ஒரு ஜாண்ல தலை தப்பிச்சுது. இன்னொரு தடவை தப்பிக்காது. ஏதாச்சும் பண்ணுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா மேலும்தான். போனவள் போனவளாக இருக்கக் கூடாதா? விடுமுறை நாளில் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். மனிதர் துரும்பாக இளைத்திருந்தார்.

"இன்னைக்கு ஓடக்காரர்கிட்ட போறோம், அத்தான். முடிச்சிடலாம்."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

"அவளும் அதைத்தான் நச்சரிக்கறா. 'அவர் காத்துக்கிட்டிருப்பாரே'ன்னு. மேல நிக்கும்போதுகூட அதையேதான் கேக்கறா. தனியாப் போக எனக்கு பயமா இருக்கு, நீ கூட நில்லு."

நான் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல வெயில் நேரம், ஜன்னல் திறந்திருந்தது. முட்டைக்கண்ணி மலை இறங்கினாள், சதுப்பைக் கடந்தாள். ஆறு வந்தது. ஓடக்காரர் துடுப்போடு அதே கல்லில் உட்கார்ந்திருந்தார். அத்தான் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். திரையின் அடியில் வரி வந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும். 'யார் நீ? உன்னை நான் பார்த்ததே இல்லையே' என்று இருந்தது. அந்த மடையன் எல்லோரிடமும் எப்போதும் அதையேதான் சொல்வான் போலிருக்கிறது.

அத்தான் நாற்காலியின் பக்கம் சாய்ந்தார். "வாங்க வாங்கன்னு சொல்றார்ம்மா. சொன்ன மாதிரியே வந்துட்டீங்களேன்னு சந்தோஷப்படறார்."

இத்தனை வருஷமும் ரொட்டிக்காரியும் கொல்லனும்கூட 'யார் நீ' என்றுதான் கேட்டிருப்பார்கள். ஒருவருக்கும் அக்காவை ஞாபகம் இருந்ததில்லை. அவளுக்கு அது தெரியாமலே போயிற்று.

திரையில் மிச்சம் ஒரே வரி. 'குட்பை'. அத்தானின் விரல் அழுத்தாமல் நின்றது.

"இதுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?"

"என்ன அத்தான்?"

"போயிட்டு வரேன்னு சொன்னா மறுபடியும் வரணும். பாக்கி விழுந்துடும். திரும்பி வரேன்னு அர்த்தம் வராத மாதிரி ஒரு வார்த்தை சொல்லு. நீதானே தப்பு தப்புன்னு சொல்லுவே? நீ சொல்லு. நான் அவகிட்ட சொல்றேன்."

விடைபெறுகிறேன் என்று சொல்லலாம். அக்கா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். யார் மேடையில் பேசுவது என்பாள். வேறு ஒரு சொல்தான் இருந்தது. போறேன். சரியான சொல் அதுதான், அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். சொன்னால் இந்த மனுஷன் பிழைப்பார் என்றும் தெரியும். வாயைத் திறந்தேன்.

அப்போது முட்டைக்கண்ணி தலையைத் திருப்பினாள். அந்தப் பக்கம்தான். நான் பிடித்திருந்த நாற்காலி முதுகு யாரோ சாய்ந்ததுபோல என் கைக்குள் லேசாக அழுந்தியது.

"போயிட்டு வரேன்னுதான் அத்தான் போட்டிருக்கு" என்றேன். "சரியாத்தான் சொல்லிக்கிட்டிருந்தீங்க."

அவர் தலையாட்டினார். நாற்காலிக்குச் சொன்னார். அழுத்தினார். அவர் முகத்தில் அத்தனை நாள் கழித்து வந்த அந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கும் அவர் கூரைமேல் ஏறுவார். நாளைக்கும் அவள் கூப்பிடுவாள். என் அக்கா எழுந்து போகத் தயாராகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன். போகவிடாமல் உட்காரவைத்தது நான்தான்.