பத்தாவது ஆள்

ரப்பர்த் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் உத்தியோகம், விடியற்காலையில் கூலியாட்கள் வரிசைகட்டும் பெரட்டில் ஆள் எண்ணுவது. எண்ணியே பிழைத்த சக கிராணிகளுக்கு என் பாடு விளங்கும். மலாயாவின் குளுவாங்கில் என் முதலாளி எஸ்ரா, சிங்கப்பூர் யூதர். எங்களுக்குள் பேச்சு மலாயில்.

குடை

வெள்ளிக்கிழமை சூரியன் அடைந்தால் அவருக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். ஒரு சனிக்கிழமை அடைமழையில் நனைந்துகொண்டே நடந்தார். குடையோடு ஓடினேன். ஓய்வுநாளில் கூடாரம் அடிக்கக் கூடாது என்றார். பழைய சட்டம் கூடாரத்தை மட்டும்தான் சொன்னதாம். குடை புழக்கத்துக்கு வந்தபின் பண்டிதர்கள் வாதாடி, விரித்த குடையும் கூடாரமே என்று முடிவுகட்டினார்களாம். கங்காணி சின்னய்யாவுக்கு இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏன் கிராணியாரே, தொப்பியைப் பத்தி அவங்க ஒண்ணும் பேசலையா?"

தோற்றவர்கள்

பேசியிருக்கிறார்கள். அகலத் தொப்பிக்கும் வாதம் உண்டு. முதலாளி புத்தகத்தைக் காட்டினார்: பக்கத்தின் நடுவே சட்டம், சுற்றிலும் பல நூற்றாண்டுச் சண்டை. அந்தச் சட்டத்துக்கு ஹலாக்கா என்று பெயர். நடக்கும் வழி என்று பொருள். வாதத்தில் தோற்றவர் சொன்னதையும் ஏன் எழுதிவைத்தார்கள் என்று கேட்டேன்.

"ஒருநாள் தேவைப்படலாம், கிராணி. தோற்றவர் முட்டாள் என்று யார் சொன்னது?"

ரயில்

முதலாளி காலில் அடிபட்டுத் தோட்டத்துப் பங்களாவில் கிடந்தபோது அவர் தகப்பனாரின் நினைவுநாள் வந்தது. அதற்குரிய பிரார்த்தனையைச் சொல்ல, யூத ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். சூரியன் அடைவதற்குள் சொல்ல வேண்டும். போன வருஷம் ஓர் ஆள் குறைந்து, பிரார்த்தனை நின்றுபோயிருந்தது. அது அவர் மனதில் முள்ளாகக் கிடந்தது. இம்முறை, அவரோடு சேர்த்துப் பத்தாக, சிங்கப்பூரிலிருந்து ஒன்பது பேர் ரயிலேறினார்கள்.

ஸ்டேஷனில் இறங்கியவர்களை விரல் நீட்டி, "சத்து, டுவா" என்று மலாயில் எண்ணத் தொடங்கினேன். ஒரு கிழவர் என் விரலைப் பிடித்து மடக்கினார். மனிதரைத் தலையெண்ணுவது அவர்கள் வழக்கத்தில் கூடாது. மரியாதைக்கு நிறுத்திக்கொண்டேன்.

பங்களாவில், பத்துச் சொல் கொண்ட ஒரு வேதவாக்கியத்தைத் தலைக்கொரு சொல்லாகச் சொன்னார்கள், அப்படி ஆள் சரிபார்க்கலாமாம். கடைசிச் சொல்லுக்கு ஆளில்லை. ரயிலில் தூங்கிக்கொண்டிருந்த துணி வியாபாரி இறங்கவேயில்லை என்று அப்போதுதான் ஒருவருக்கு நினைவு வந்தது. நான் நிற்கட்டுமா என்றேன்.

"நீர் பத்துப் பேருக்குச் சமம், கிராணி. பத்தாவது ஆளாக மட்டும் முடியாது" என்றார் முதலாளி. முகத்தில் சிரிப்பில்லை.

ரயில் அடுத்து நிற்கும் பாலோ ஸ்டேஷனுக்கு லாரியை விரட்டினேன். ரப்பர் மரங்களுக்கிடையே வெயில் சாய்கையில் வியாபாரியோடு லாரி திரும்பியது. முதலாளி ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்று, ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார். வெளியே வந்த வியாபாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஸ்டேஷனில் எங்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லையா?"

வாழ்நாளெல்லாம் எண்ணிப் பிழைத்தவன், எண்ணியே ஆகவேண்டிய ஒரே நாளில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன்.