கொம்பும் கோரைப்பல்லும்

குலசேகரம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: எஸ்தர் டீச்சர் இறந்துவிட்டார். வெட்டிவைத்த மீனை எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். எத்தனை வருடம் என் சோற்றுப் பாத்திரத்தில் உரிமையோடு கைவைத்த மனுஷி!

டீச்சர் என்றதும் நினைவுக்கு வரும் அந்த மண்டையோட்டை நம் ஊர்க்காரர்கள் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ரப்பர் பால் வெட்டும் தங்கம்மையின் வேலியோரம் குழி தோண்டியபோது கிடைத்தது. சின்னத் தலை, மேலே கொம்பு, கீழே வளைந்த கோரைப்பல். பக்கத்து வீட்டு மேரியின் குழந்தைக்கு அப்போது விடாத காய்ச்சல். தங்கம்மைதான் செய்வினை வைத்தாள் என்று ஊரே அவள் முற்றத்தில் கூடிவிட்டது.

விலங்கியல் எடுக்கும் எஸ்தர் டீச்சர்தான் அதைக் கையில் எடுத்தார். "பேயுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. இது கேளையாடு. ஆட்டளவுக்குச் செவப்பு மான். கொம்புக்குக் கீழ நீளமா எலும்புக் காம்பு பாருங்க, உயிரோட இருக்கும்போ அதுல முடி மூடியிருக்கும். மூஞ்சில கறுப்பு வரி. கடாவுக்குச் சண்டைக்கு இந்தப் பல்லு. மலையில நாய் மாதிரி குரைக்குல்லா, அது இதுதான்."

எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மறுவாரம் ஆசிரியர் அறையில் டீச்சர் என் சோற்றை அளைந்துகொண்டே சொன்னார்: "ஏட்டி, எல்லாருக்கும் வெளங்கிச்சு. ஆனா அவ கையால ஒரு சொட்டு வெள்ளம் வாங்கிக் குடிக்க ஆளில்ல."

அன்று மாலை டீச்சர் தங்கம்மை வீட்டுப் படியில், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க உட்கார்ந்து, அவள் போட்ட பாலில்லாக் கட்டன்சாயா குடித்தார். ஓய்வுபெற்ற பிறகும் அந்த மாலைச் சாயாவை விடவில்லை. ஊர் மட்டும் அசையவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. வருகிறவர்களுக்குச் சாயா அக்கம்பக்கத்தார் போட்டுக் கொண்டுவருவார்கள். "என் சாவுக்குத் தங்கம்மதான் சாயா போடணும்" என்று டீச்சர் மகனிடம் சொல்லிவைத்திருந்தாராம். பாவி மனுஷி, செத்தும் விடவில்லை! தங்கம்மை தட்டோடு நின்றாள். யாரும் எடுக்கவில்லை. அப்போது மலைச்சரிவில் கேளையாடு குரைத்தது. பந்தலில் எல்லாத் தலைகளும் மலைப்பக்கம் திரும்பின.

மேரிதான் எழுந்தாள். "இஞ்ச தா தங்கம்ம. டீச்சர் பாத்துக்கிட்டு கெடக்காவ." ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு மற்ற கைகளும் நீண்டன.

டீச்சர் எடுத்துவைத்திருந்த அந்த மண்டையோடு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அதன் எலும்பெல்லாம் எனக்கு அத்துப்படி. இருந்தும் மலையில் அந்தக் குரைப்பு கேட்டால் உடம்பு புல்லரிக்கிறது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு தங்கம்மை வீட்டுப் படிக்குப் போய்விடுகிறேன். பழக்கதோஷத்தில் அவள் டீச்சருக்கும் ஒரு டம்ளர் ஊற்றிவிடுகிறாள். அதையும் நானே குடித்துவிட்டு வருகிறேன்.