தண்ணீர் எடுக்காத வீட்டின் தண்ணீர்ப் பில்

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்கள் நாலு பேர். பொறியியலாளர், கணக்குப் பகுதி கமலா அக்கா, மீற்றர் வாசிக்கும் நேசன் அண்ணை, நான். வராதவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் கதைத்தது முழுக்க அவர்களைப் பற்றித்தான்.

நான் ஒரு தண்ணீர் விநியோக அலுவலகத்தில் தகவல் முறைமைப் பகுப்பாய்வாளர். "பைப் பூட்டுற வேலையோ?" என்று அம்மா இன்னமும் கேட்கிறார். இல்லை. குழாயில் ஓடுகிற தண்ணீர் எங்கள் கணினியில் எண்களாக ஓடும். அந்த எண்கள் என்ன சொல்ல வருகின்றன என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம்.

அந்த நாற்பத்தொரு வீட்டிலும் ஆறு மாதமாக மீற்றர் அசையவில்லை. பூச்சியம். பூச்சியம் என்றால் ஆள் இல்லை – இது நான் எழுதிய விதி. எங்கள் தண்ணீர்த் தாங்கியோ சின்னது. புதிய இணைப்புக் கேட்டுக் காத்திருப்பவர்களோ ஏராளம். பாவிக்காதவரிடம் எடுத்துக் காத்திருப்பவருக்குக் கொடுப்பதில் என்ன பிழை?

"நல்ல வேலை, தம்பி" என்றார் பொறியியலாளர். நாற்பத்தொரு வீட்டு லிஸ்ற்றில் கையெழுத்தும் வைத்தார். வெள்ளிக்கிழமை காலை இணைப்புகளைத் துண்டிப்பதென்று முடிவு.

மேசைக்குத் திரும்பினேன். சும்மா ஓர் ஆர்வம்... காசு கட்டிய விவரத்தையும் அந்த லிஸ்ற்றோடு சேர்த்துப் பார்த்தேன். (ஓம், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.) நாற்பது பேர் ஆறு மாதமாக ஒரு சதமும் கட்டவில்லை. சரி, பூட்டிய வீடு எப்படிக் காசு கட்டும்?

ஆனால் நாற்பத்தோராவது வீடு கட்டியிருந்தது! ஒரு துளி தண்ணீர் எடுக்காமல், மாதாந்தச் சேவைக் கட்டணத்தை, பில் வந்த மறுநாளே. அதுவும் பக்கத்துக் கடையில் கட்டலாம் என்றிருக்க, ஒவ்வொரு மாதமும் எங்கள் கவுண்டருக்கே நேரில் வந்து. தண்ணீர் வேண்டாதவருக்கு எதற்குப் பில்? எழுந்துபோய் மற்ற மூவரிடமும் கேட்டேன்.

"மீற்றர் இறுகியிருக்கும்" என்றார் பொறியியலாளர்.

"மீற்றருக்கு முன்னால கள்ள பைப் இழுத்திருப்பினம்" என்றார் கமலா அக்கா. அவருக்கு உலகத்தில் எல்லாரிலும் சந்தேகம்.

நேசன் அண்ணை மட்டும் சிரித்தார். "அந்த வீட்டில ஆள் இருக்குது, தம்பி. எந்த நேரமும் கச்சான் வறுக்கிற மணம் வரும்."

"அப்ப ஏன் அண்ணை இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"நீங்கள் ரீடிங் மட்டும்தானே கேட்டனீங்கள்? ஆள் இருக்கோ எண்டு அடிக்க உங்கட ஃபோனில பெட்டி இல்லையே!"

ரீடிங் அடிக்க அலுவலகம் கொடுத்த அந்த ஃபோனில் எந்தப் பெட்டி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவனும் நான்தான்.

வியாழக்கிழமை அண்ணையின் மோட்டார் சைக்கிளில் அந்த வீடு இருக்கும் தண்ணீரூற்று என்ற ஊருக்குப் போனோம். முற்றத்தில் பெரிய தாச்சிச் சட்டியில் மணலும் கச்சான் கடலையும். கிளறிக்கொண்டு நின்றவர் யோகராணி அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் அடையாள அட்டையைக் கண்டதும் அகப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன, பைப்பை வெட்ட வந்தனீங்களோ?"

"இல்லை அக்கா, பாக்க வந்தனாங்கள். நீங்கள் ஏன் தண்ணி எடுக்கிறேல்ல?"

"கிணறு இருக்கேக்க உந்த மருந்து மணக்கிற தண்ணியை ஆர் குடிப்பினம்? இந்த ஊர்க் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாத்திட்டுக் கதையுங்கோ!"

ஒரு செம்பு கொண்டுவந்து தந்தார். குடித்தேன். எங்கள் குழாய்த் தண்ணீர் தோற்றுவிட்டது.

"பிறகேன் அக்கா மாதம் மாதம் காசு கட்டுறியள்?"

உள்ளே போனார். ஒரு பிளாஸ்ரிக் பையோடு வந்தார். அதற்குள் எங்கள் பில்களும், சீல் குத்திய பற்றுச்சீட்டுகளும். குழாய் வந்த மாதத்திலிருந்து ஒன்றும் விடாமல், மாத வரிசையில். எங்கள் கணினியில்கூட அவ்வளவு ஒழுங்கில்லை.

"காணி மாமாவின்ர பேரில, அவர் செத்துப் போனார். லைட் பில் இவற்ற பேரில... இவர் இல்லை." கணவரைத்தான் சொன்னார். "பைப் வரேக்க ஃபோர்மில என்ர பேரை எழுதினனான். என்ர பேரும் இந்தக் காணி நம்பரும் ஒண்டா இருக்கிற கடதாசி இது மட்டும்தான், தம்பி. அடுத்த மாதம் காணிக் கச்சேரி வருது."

காணிக்கு உரிமை கேட்பவர்களை அதிகாரிகள் கூப்பிட்டு விசாரிக்கும் நாள்தான் காணிக் கச்சேரி. இத்தனை காலமும் அங்கேதான் இருந்தீர்களா என்று கேட்பார்கள். கடதாசியால்தான் பதில் சொல்ல வேண்டும்.

"போன வருசம் திடீரெண்டு பில் வாறதை நிப்பாட்டி எஸ்எம்எஸ் அனுப்பத் துவங்கினாங்கள். எந்த மூளைசாலி கண்டுபிடிச்சவனோ! எஸ்எம்எஸ்ஸைக் கச்சேரியில குடுக்கேலுமோ? ஃபோனை ஃபைலுக்குள்ள கட்டவோ? அதுதான் பஸ் ஏறி வந்து சீல் வாங்கிறன்."

நேசன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கச்சானைப் பார்த்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஃபோர்ம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். பத்து வயதிலேயே அப்பாவுக்கு எந்தக் கோட்டில் பெருவிரல் வைக்க வேண்டும் என்று காட்டியவன். ஒரு கடதாசி தொலைந்தால் வீட்டில் எவ்வளவு அமளி நடக்கும் என்று தெரிந்தவன். அப்படிப்பட்ட நான்தான் எஸ்எம்எஸ்ஸால் 'கடதாசி மிச்சம்' என்று றிப்போர்ட் எழுதிப் பாராட்டும் வாங்கினேன்.

நாளை காலை துண்டிக்கப் போகிறார்கள் என்பதைச் சொன்னேன். அக்கா பையின் வாயை முடிச்சுப் போட்டார். அவிழ்த்தார். திரும்பவும் போட்டார்.

லிஸ்ற் கையெழுத்தாகிவிட்டது. பொறியியலாளருக்கு ஃபோன் எடுத்தேன். "மேலிடத்துச் சேர்க்குலர் அப்படித்தான், தம்பி. காசு கட்டினதெல்லாம் கணக்கில்லை. இண்டைக்குள்ள பூச்சியமில்லாத ரீடிங் ஒண்டு காட்டுங்கோ, லிஸ்ற்றில இருந்து பேரை எடுத்துவிடுறன்" என்றார்.

"இதென்ன பெரிய வேலையே! ஒண்டு எண்டு அடிச்சுவிடுறன்" என்று நேசன் அண்ணை ஃபோனை எடுத்தார்.

"வேண்டாம் அண்ணை. பிறகொரு நாள் ஆரும் வந்து பாத்தா, இந்தப் பையிலிருக்கிற எல்லாத்தையும் பொய் எண்டுவினம்."

"அப்ப உண்மையா ஓடவிட வேணும்."

ஒரு யூனிட் என்பது ஆயிரம் லீற்றர். குழாயைத் திருகினார் அக்கா. அசையவில்லை. நேசன் அண்ணை திருகினார். அதுவும் இல்லை. பாவிக்காமல் விட்டதில் இறுகிப்போய்விட்டது! அக்கா குசினிக்குள் போய்க் குறடு ஒன்றோடு வந்து, "தள்ளுங்கோ" என்று எங்களை விலக்கிவிட்டு ஒரே திருகு. முதலில் காற்று சீறியது. பிறகு துருத் தண்ணீர். பிறகுதான் தண்ணீர்.

பலம் இல்லாத ஓட்டம். வாளி, பீப்பா, வாழையடி, தென்னங்கன்று, பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டி... எல்லாவற்றுக்கும் ஊற்றினோம். "ஓடன், சனியன்!" என்று அக்கா மீற்றரைப் பேசிக்கொண்டே இருந்தார். பின்னேரம் வரை மூன்று பேரும் அந்தச் சின்னச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தபடி கச்சான் உடைத்தோம். என் வேலையில் எத்தனையோ ஆயிரம் எண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எண் பிறக்கிறதைக் காத்திருந்து பார்த்தது அன்றுதான்.

ஒன்று விழுந்தது. நேசன் அண்ணை உண்மையாகவே 'ஒன்று' என்று அடித்தார். பொறியியலாளர் சொன்னபடி பெயரை எடுத்துவிட்டார். மற்ற நாற்பது வீட்டுக்கும் ஆள் போய்ப் பார்க்கும்வரை கை வைக்க வேண்டாம் என்று எழுதிக் கேட்டேன், அதற்கும் சம்மதித்தார். இப்போது ஃபோனில் 'வீட்டில் ஆள் உண்டு' என்றொரு பெட்டி இருக்கிறது. கடதாசிப் பில் கேட்பவர்களுக்கு இன்னொரு பெட்டி.

போன கிழமை காணிக் கச்சேரி முடிந்தது. அதிகாரி பையை அவிழ்த்து, மாதம் மாதமாகப் புரட்டிப் பார்த்து, காணிக்கு உரியவர் என்று யோகராணி அக்காவின் பெயரை எழுதிக்கொண்டாராம். மறுநாள் பில் கட்ட வந்தவர் ஒரு கடதாசிச் சரை கச்சானை என் மேசையில் வைத்தார். "சீலைத் தெளிவாக் குத்தச் சொல்லுங்கோ" என்றார்.

வழமையான சேவைக் கட்டணத்துக்கு மேல் அந்த மாதம் அவருக்கு வந்த செலவு: ஒரு யூனிட் தண்ணீர், அறுபது ரூபா.