கிருபாநிதி சார் போட்ட நிபந்தனை

புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம் கிருபாநிதி சாருக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. அது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை.

நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்தினார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டதைப் படித்தாலே பரீட்சையில் பாஸ் என்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பெயருக்குப் பங்காளியாக வந்து சேர்ந்தார் ஜெபசீலன் என்ற சின்ன வயசு வாத்தியார். சனிக்கிழமைதோறும் பையன்களைத் துறைமுகத்துக் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ்களில் வேலை பார்க்க வைத்து, அந்த வேலைக்கும் மார்க் போட வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார் பிரின்சிபால்.

பையன்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிருபாநிதி எதிரே வருவதுகூடத் தெரியாமல், ஜெபசீலனைச் சுற்றி நின்று கப்பல் கதை பேசினார்கள். அதுவரை கிருபாநிதிக்கே சொந்தமாயிருந்த 'எங்க சார்' என்ற பட்டம் இடம் மாறிவிட்டது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

வருஷக் கடைசியில், கர்த்தர் கிருபையால், ஒரு வாய்ப்பு கிடைத்தது. திட்டத்தைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று நேரில் பார்த்துச் சொல்லும்படி பிரின்சிபால் அவரையே அனுப்பினார். குறை கேட்கும் ஆசையோடு ரோச் என்ற ஏஜெண்டின் ஆபீசுக்குப் போனார்.

ரோச்சுக்கு வாய் நிறையப் புகழ்ச்சிதான்.

"எந்தச் சரக்குக்கு எந்தக் காகிதம்னு பயலுவ கேட்ட உடனே சொல்லுதானுவ சார். ஜெபசீலன் சார் நல்லா ஏத்தி அனுப்பியிருக்காரு."

அவ்வளவும் கிருபாநிதி தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தது. பாடுபட்டவன் ஒருத்தன், பேர் வாங்குகிறவன் இன்னொருத்தன். உப்புக்காற்றுக்கு எதிரே சைக்கிளை மிதித்துக்கொண்டே யோசித்தார். நிறுத்தச் சொன்னால் தன் பாடம் துறைமுகத்தில் செல்லுபடியானது யாருக்கும் தெரியாமல் போகும். தொடரச் சொன்னால் மாலை ஜெபசீலன் கழுத்தில் விழும். கடைசியில் பிரின்சிபாலிடம் ஒரு நிபந்தனை போட்டார். திட்டம் தொடரலாம், ஆனால் தன் வகுப்பை முடிக்காத எவனும் துறைமுகத்தில் கால் வைக்கக் கூடாது.

பிரின்சிபாலுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஜெபசீலனும் இதைத்தான் முதல்லயே கேட்டாரு சார். கிருபாநிதி சார்ட்ட படிச்ச பயலுவள மட்டும் அனுப்புவோம்னாரு. உங்ககிட்ட வந்து கேக்கத்தான் பயந்துட்டாரு."

வேறு யாராவது என்றால் மனம் இளகியிருக்கும். கிருபாநிதி சார் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு மனைவி தேவகனியிடம் சொன்னார்:

"இதுலயும் அவன் எனக்கு முந்திட்டாம்ளா."