பதினேழாம் ஆண்டுக் காசு

பல்லக்கா காசைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். முதலில் பெருவிரல் விளிம்பைச் சுற்றி வரும். பிறகு நடுவிலுள்ள சதுரத் துளையின் மூலைகளை ஆள்காட்டி விரல் தடவும். அதற்கப்புறம்தான் கண் திறக்கும்; உதடு முணுமுணுக்கும்: மேலே, கீழே, வலது, இடது. பழைய சீனக் காசில் எழுத்துகளைப் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் படிக்க வேண்டுமாம்.

"முகத்தப் பாத்து மயங்கிடக் கூடாதுங்க. விளிம்பத் தொட்டுப் பாக்கணும். மாப்பிள்ளை பாத்தப்ப நான் இதச் செய்யல," என்பார், கணவர் காதில் விழும்படி.

பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. நோயாளியின் வாயில் எடுத்த அச்சு அங்கே வரும். அதற்குப் பொருந்த மெழுகில் பல் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, அரத்தால் தேய்த்து அனுப்புவார். அதனால் பல்லக்கா. எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. மேல் மாடியில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கும்தான். "பேர்ல பல்லக்கு, போறது என் பஸ்ல," என்று அவர் கணவர் கேலி செய்வார். அவர் பேருந்து ஓட்டுநர்.

காசுகள் இருப்பது பொய்ப்பல் வரிசைகள் அடுக்கி வந்த தட்டையான பெட்டிகளில். கடைவாய்ப்பல் இருந்த குழியில் இப்போது ஓர் அரசரின் ஆட்சி உட்கார்ந்திருக்கும். சீனமொழியில் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கக்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் எந்த அரசர் தன் ஆட்சிக்காலத்துக்குச் சூட்டிய ஆட்சிப் பெயரை எப்போது மாற்றினார் என்பது, மாமியார் வீட்டுச் சண்டைகள் நடந்த தேதிகளைப்போல அத்துப்படி. பெரும்பாலான காசுகளில் ஆட்சிப் பெயர் மட்டும்தான் இருக்கும். இன்ன ஆண்டு என்று அறுதியிட முடியாது. சோங் வம்சத்தின் பிற்காலத்தில் மட்டும், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு, காசின் பின்புறத்தில் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்ற எண்ணையும் வார்த்திருக்கிறார்கள். பல்லக்காவுக்கு அவைதான் உயிர். "வயச முதுகுலயே எழுதிட்டாங்க. பாவம், மறைக்கவே முடியாது."

சென்ற மழைக்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு கட்டியைத் தூக்கி வந்தார். பச்சைக் களிம்பேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன காசுக் கட்டி. பார்த்தால் பாசி படிந்த செங்கல் துண்டு. கணவர் பணிமனையிலிருந்து கொண்டுவரும், பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரில் அதை ஊறப்போட்டார். சமையலறையில் புளி கரைக்கும் பாத்திரம் அதற்கே ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். பிரசவ வார்டு வாசலில் நிற்கும் தகப்பனைப்போல இருந்தது அவர் நிலை.

ஒரு மாலை கட்டி வாய் திறந்தது. காசுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றின் ஆண்டையும் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு காசைத் திருப்பியதும் நிறுத்திவிட்டார். துளைக்கு மேலே பத்து, கீழே ஏழு. பதினேழாம் ஆண்டு. ஆனால் அந்த ஆட்சிப் பெயர் பதினாறாம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அப்படி ஓர் ஆண்டே கிடையாது. பல்லக்காவின் காது மடல்கள் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அதைக் கப்பல்காரரிடம் கொண்டுபோனார்; நானும் கூடப் போனேன். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சந்தையில் காசு சேர்ப்பவர்களுக்கெல்லாம் அவர் வாக்குதான் தீர்ப்பு. பல்லக்காவுக்கும் அவருக்கும் எப்போதும் எலியும் பூனையும்தான். அவர் காசை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போன மாதம் எவனோ பட்டறையில் வார்த்து அமிலத்தில் முக்கியது என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கட்டிக்குள்ளிருந்து வந்தது என்று பல்லக்கா சொன்னதற்கு, அதை யார் பார்த்தது என்று ஒருவர் கேட்டார். கட்டி பிரிந்தபோது நானும் உடன் இருந்தேன், பார்த்தேன் என்றேன். அண்டை வீட்டுச் சாட்சி அம்பலம் ஏறவில்லை.

கணவர் ஓட்டும் பேருந்திலேயே திரும்பி வந்தோம். கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அன்று கேலி செய்யவில்லை.

மறுநாள் மாலை மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால் பல்லக்கா. கையில் இரண்டு காசுகள், மூச்சு வாங்குகிறது. ஒன்று அந்தப் பதினேழு. இன்னொன்று கட்டிக்குள் அதற்கு அடியில் ஒட்டியிருந்த, ஐயமே இல்லாத அசல் காசு. நல்லவேளையாக அதை அவர் இன்னும் துலக்கவில்லை. அதன் மேலிருந்த பச்சைக் களிம்பில், இடம் வலம் மாறி, குழிவாக ஒரு பத்து, ஒரு ஏழு.

"அச்சு எடுத்து வெச்சிருக்குங்க," என்றார். "நான் தினமும் பாக்குற வேலைதான். பக்கத்துலயே இருந்திருக்கு, எனக்குத் தோணல."

பதினேழை அதன்மேல் வைத்து மெல்லத் திருப்பினார். வாயில் பொய்ப்பல் உட்கார்வதுபோல டக்கென்று உட்கார்ந்தது. நூற்றாண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தாலொழியக் களிம்பு அப்படிப் படியாது.

மறு ஞாயிறு கப்பல்காரர் தானே கையில் வாங்கிப் பொருத்தினார். பிரித்தார். மறுபடி பொருத்தினார். தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதில் பல்லக்காவை உட்காரச் சொன்னார்.

"அப்ப இது அசலா?" என்றார் அன்று சிரித்தவர்களில் ஒருவர்.

"போலிதான்," என்றார் பல்லக்கா. "போலி இல்லன்னு நான் எப்பங்க சொன்னேன்? ஆனா அந்தக் காலத்துக் கள்ளக்காசு. ஆட்சி மாறுனதுகூடத் தெரியாம, எங்கயோ ஒரு மூலைல ஒளிஞ்சு உக்காந்து, ஒருத்தன் அடுத்த வருஷத்துக்கும் சேத்து வார்த்துட்டு இருந்திருக்கான்."

கப்பல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அகப்படாமல் தப்பித்திருப்பானா என்று கேட்டார். பல்லக்காவின் காதில் அது விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கள்ளக்காசின் விளிம்பைப் பெருவிரலால் சுற்றிக்கொண்டிருந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பிப் போய் மறுபடி வந்தது.

"பிசிறு போக அரம் போட்ட கோடு எதிர்ப்பக்கமா சாயுது," என்றார் மெதுவாக. "இடது கைக்காரன்."

காசை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே, இல்லாத ஓர் அரத்தை இடது கையில் பிடித்து, அந்த விளிம்பின் மேல் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.